கை முறிந்த அம்மாவுக்குக் கல்சியம் குளிசை மட்டும் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 66, நிறை 44 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டர், இப்போது கை சரி. ஓபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், கல்சியம் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். முழங்கால் நோவுக்குக் காட்டிய இன்னொரு டொக்டர் "எலும்புத் தேய்மானம், வயது போனால் வரும்தானே" என்றாராம். கனடாவில் இருக்கும் சித்தி போன் எடுத்து "டெக்ஸா ஸ்கேன் செய்தாச்சா" என்று கேட்கிறாராம். இது என்ன வருத்தம், நம்ம ஊர் டொக்டர்மாருக்கு இதைப் பற்றித் தெரியுமா, யாரிடம் போவது என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பிரதேச வைத்தியசாலைகளிலும் பிறகு வெளியிலும் இருபது வருடத்துக்கு மேல் ஓபிடி பார்த்தவன். அதனால் இரண்டாவது கேள்விக்கு உள்ளே இருந்தவனாகவே பதில் சொல்கிறேன். எலும்பு பலமிழந்து போகிற இந்த வருத்தத்துக்கு ஒஸ்ரியோபொரோசிஸ் என்று பெயர். டொக்டர்மாருக்கு அந்தப் பெயர் தெரியும், பரீட்சைக்கு எழுதிய வரைவிலக்கணம் தெரியும், என்ன மருந்து என்று கேட்டால் அதுவும் வரும். ஆனால் அந்த வருத்தம் கையில் பிளாஸ்டரோடு எதிரே வந்து உட்காரும்போது அதை அடையாளம் காண்பதில்தான் நாங்கள் தவறுகிறோம். உங்கள் அம்மாவின் மணிக்கட்டு முறிந்த அன்றே இந்த வருத்தம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கியிருக்க வேண்டும், பிளாஸ்டர் வெட்டிய நாளிலாவது யாராவது ஒரு டொக்டர் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும்.

முதலில் இந்தத் "தேய்மானம்" என்ற சொல்லைப் பிரித்து வைப்போம், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதில்தான் இருக்கிறது. முழங்காலில் நோவு, மாடிப்படி ஏற முடியாது, சம்மணமிட முடியாது என்பதெல்லாம் மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்பு சந்திக்கும் இடத்திலுள்ள குருத்தெலும்பு தேய்வது அது. ஒஸ்ரியோபொரோசிஸ் வேறு. அது எலும்புக்குள்ளேயே நடக்கிற காரியம், உளுத்த மரம் போல. வெளியிலிருந்து பார்த்தால் தூண் தூணாகத்தான் நிற்கும், உள்ளே சல்லடையாகியிருக்கும், ஒரு பாரம் விழும்போதுதான் தெரியும். நான் நோயாளிகளிடம் "எலும்பு உளுத்துப் போவது" என்றே சொல்வேன், உடனே விளங்கிவிடும். முக்கியமான வித்தியாசம் என்னவென்றால் மூட்டுத் தேய்மானம் நோகும், உளுத்த எலும்பு முறியும் வரைக்கும் நோகவே நோகாது. நோவில்லாத வருத்தத்துக்கு யார் ஓபிடி வரிசையில் நிற்பார்கள்? ஒருவரும் வருவதில்லை. முழங்கால் நோவுக்கு வந்தவரிடம் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரு டொக்டர் சொல்லிவிட்டால், அவர் பிறகு ஒஸ்ரியோபொரோசிஸ் என்று கேள்விப்படும்போது "அது எனக்கு இருக்கு, மருந்து பூசுறன்" என்று நினைத்துக்கொள்கிறார். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் இருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் போதாது.

எலும்பு கல்லைப் போல ஒரே மாதிரி இருக்கிற பொருள் இல்லை. பழைய எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டே இருக்கும், புதியது மறுபக்கம் வைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ரோஜன் குறைந்து, கரைவது கூடி, கட்டுவது பின்தங்கிவிடும், முதல் சில வருடங்களில் இழப்பு வேகமாக நடக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இப்படியான ஒரு முறிவு வரும் என்பது உலக அளவிலான கணக்கு. அப்படி முறிந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு, ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு, அடுத்த முறிவைத் தடுக்கும் வைத்தியம் கிடைப்பதில்லை. ஆகவே இது மட்டக்களப்புக்கு மட்டும் உரிய குறை இல்லை. ஆனால் இங்கே அது எப்படி நடக்கிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டர் வெட்டும் அறையை நினைத்துப் பாருங்கள், நீங்களும் அம்மாவோடு போயிருப்பீர்கள். சின்ன வட்ட வாள் கிர்ரென்று சுற்றும், வெள்ளைத் தூசு பறக்கும், பிளந்து எடுத்ததும் உள்ளே மெலிந்து தோல் உரிந்த கை. விரலை மடக்கச் சொல்வார்கள், மணிக்கட்டைச் சுற்றச் சொல்வார்கள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து "பொருந்திட்டுது, பாரம் தூக்க வேணாம்" என்பார்கள். அவ்வளவுதான். எலும்பு டொக்டரின் வேலை முறிந்ததைப் பொருத்துவது, அதை அவர் சரியாகச் செய்துவிட்டார். ஏன் முறிந்தது என்பது ஓபிடி டொக்டரின் வேலை என்று அவர் நினைக்கிறார். ஓபிடி டொக்டரோ, எலும்பு டொக்டர் பார்த்து அனுப்பியவர்தானே, வேறு ஏதும் இருந்தால் அவரே எழுதியிருப்பார் என்று நினைக்கிறார். பெண்நோயியல் டொக்டர் மாதவிடாய் நின்றதைக் கேட்பார், எலும்பைக் கேட்பதில்லை. சீனி கிளினிக்கில் சீனியைப் பார்ப்பார்கள். இப்படி ஆளுக்காள் கைகாட்டி, கடைசியில் அந்தத் தாய் கல்சியம் குளிசைப் பையோடு வீட்டுக்குப் போகிறார்.

இதை ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1999 அளவில் ஒரு எளிய வழியால் மாற்றினார்கள். முறிவோடு வருகிற ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் பெயர் பதிந்து, ஒரு தாதி பின்தொடர்ந்து, எலும்பைப் பரிசோதிக்க அனுப்பி, மருந்து தொடங்கினதா என்று பார்ப்பது. பெரிய மெசின் ஒன்றும் தேவையில்லை, பிளாஸ்டர் அறையில் ஒரு கொப்பியும் அதற்குப் பொறுப்பான ஒரு ஆளும் போதும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையானாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆஸ்பத்திரிகளானாலும் சரி, எலும்பு முறிவு பார்க்கிற எந்த இடத்திலும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் குறைவாகவோ விழுந்து எலும்பு முறிந்தால் அது சாதாரண முறிவு இல்லை. மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர் கணக்கு வேறு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததற்கு மணிக்கட்டு முறிகிறதென்றால் எலும்பின் பலத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு இன்னொரு முறை முறியும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடுத்தது முள்ளந்தண்டாக இருக்கலாம், தொடை எலும்பின் கழுத்தாக இருக்கலாம். அந்தக் கடைசியைத்தான் நாங்கள் எல்லோரும் பயப்பட வேண்டும். இடுப்புப் பக்கம் முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவு ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன, பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. உங்கள் அம்மம்மா எப்படிப் போனார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "விழுந்தவ, பிறகு எழும்பவேயில்ல, படுக்கையிலேயே கிடந்து போனா" என்று நம்ம ஊர்களில் சொல்கிற கதைகளில் பல உண்மையில் இடுப்பு எலும்பு முறிந்த கதைகள். தாய்க்கோ தகப்பனுக்கோ அப்படி முறிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்துக் கூட, அதனால் கட்டாயம் கேளுங்கள்.

அம்மாவின் ஆபத்தை ஒரு சின்னக் கணக்கால் வீட்டிலேயே பார்க்கலாம். ஆசியப் பெண்களுக்கென்று செய்த ஒஸ்ரா என்ற அளவு அது. மாதவிடாய் நின்ற பெண்ணின் நிறையிலிருந்து வயதைக் கழித்து 0.2 ஆல் பெருக்க வேண்டும். 44 இலிருந்து 66 கழித்தால் மைனஸ் 22, பெருக்கினால் மைனஸ் 4.4. மைனஸ் 4 ஐ விடக் கீழே போனால் ஆபத்துக் கூடிய ஆள், மைனஸ் 1 க்கு மேலே என்றால் குறைவு, இடையில் நடுத்தரம். அம்மா கூடிய பக்கத்தில் நிற்கிறார். ஒரு ஓபிடி டொக்டருக்கு இது பத்து விநாடி வேலை, நிறை பார்க்கும் தராசு ஒன்று போதும். இருந்தும் இதைப் பாவிக்கிற டொக்டரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அடுத்தது ஃபிராக்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008 இல் வெளியிட்ட கணிப்பு, இணையத்தில் இலவசம், இலங்கைக்கென்று தனியாகவே ஒரு பதிப்பு அதில் இருக்கிறது. வயது, பால், நிறை, உயரம், முன் முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைத்தல், குடி, பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரீரொயிட், ருமற்றொயிட் வாதம் எல்லாம் கேட்டு, அடுத்த பத்து வருடத்தில் முறிவு வருவதற்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். ஸ்கேன் அளவு இல்லாமலும் போடலாம் என்பதுதான் நமக்கு அதன் பெரிய பெறுமதி. நம்ம நாட்டில் இந்தக் கணிப்பை எப்படிப் பாவிப்பது, எந்த வயதில் எத்தனை சதவீதத்துக்கு மேல் மருந்து தொடங்குவது என்றெல்லாம் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சரத் லேகம்வசம் போன்றவர்கள் வேலை செய்து வைத்திருக்கிறார்கள். ஃபிராக்ஸில் இல்லாத இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை விழுந்தார் என்று அது கேட்பதில்லை. நம்ம பகுதியில் வீட்டுக்கு வீடு இருக்கிற சீனி வருத்தத்தையும், அதாவது பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையை, கணக்கில் எடுப்பதில்லை. சீனி உள்ளவருக்கு ஸ்கேனில் எலும்பு நல்லதாகத் தெரிந்தாலும் முறிவு கூட வரும்.

டெக்ஸா ஸ்கேன் பற்றிச் சித்தி கேட்டது நியாயம். இடுப்பிலும் நாரியிலும் எலும்பின் அடர்த்தியை அளந்து, இளம் வயதுப் பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்டு ரி-ஸ்கோர் என்ற எண்ணாகத் தரும். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒஸ்ரியோபொரோசிஸ் என்று உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்தது. எடுக்க முடிந்தால் எடுங்கள். ஆனால் அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற மெசின் இல்லை, எங்கே அனுப்புவது என்று கிளினிக்கில் கேட்டுத்தான் போக வேண்டும். நம்ம டொக்டர்மாரிடம் நான் காண்கிற பெரிய தப்பெண்ணமே "டெக்ஸா இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது" என்பது. லேசாக விழுந்து இடுப்போ முள்ளந்தண்டோ முறிந்தவருக்கு, வேறு நோய் காரணமில்லை என்று பார்த்த பிறகு, ஸ்கேன் இல்லாமலே ஒஸ்ரியோபொரோசிஸ் என்று எழுதலாம், மருந்தும் தொடங்கலாம். மணிக்கட்டு மட்டும் முறிந்தவருக்கு மற்ற ஆபத்துகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அம்மாவைப் போல.

இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். முகாம்களில் குதிக்காலை ஒரு சின்ன மெசினில் வைத்து "எலும்பு குறைவு" என்று துண்டு தருவார்களே, அதை வைத்து வருத்தம் இருக்கு என்றோ இல்லை என்றோ முடிவெடுக்கக் கூடாது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிய மூன்றில் ஒரு பங்கு அளவு கரைந்திருக்க வேண்டும், ஆகவே "எக்ஸ்ரே நல்லம்" என்பதும் ஆறுதல் இல்லை.

இனி நான் பிழைவிட்ட ஒரு கதை. வாகரைப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வருகிற ஒரு பெரியம்மா, எழுபதைத் தாண்டியவர், பிரஷருக்கு மருந்து எடுப்பவர். இரண்டு வருடமாக வருகிற நேரமெல்லாம் "நாரி உளையுது மகன்" என்பார், நானும் டைக்குளோபெனாக் எழுதுவேன், பூச்சு மருந்து எழுதுவேன். ஒருநாள் எழும்பிப் போகும்போது சேலைக் கரையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். "ஏன் பெரியம்மா சேலையைத் தூக்கிப் பிடிக்கிறீங்க" என்றேன். "இப்ப எல்லாச் சேலையும் நிலத்தில இழுபடுது" என்றார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நிறையோடு உயரமும் யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள், 152 சென்ரிமீற்றர். அன்றைக்கு நிறுத்தி அளந்தால் 146. சுவரோடு குதிக்காலை ஒட்டி நேராக நிற்கச் சொன்னேன். முதுகு ஒட்டியது, தலை ஒட்டவில்லை, தலைக்கும் சுவருக்கும் இடையில் என் முஷ்டி போனது. விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு முள்ளந்தண்டு எலும்புகள் முன்பக்கம் நசிந்து ஆப்புப் போல இருந்தன. இரண்டு வருடமாக அந்த அம்மா முறிந்த எலும்போடு வந்து போயிருக்கிறார், நான் நோவுக் குளிசை கொடுத்து வயிற்றையும் கெடுத்திருக்கிறேன்.

முள்ளந்தண்டு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான், விழாமலேயே, குனிந்து குடம் தூக்கியதில், இருமியதில் நசிந்து, முறிவு என்று யாருக்கும் தெரியாமலே கூனாகிவிடும். "வயது போனால் கூனும்தானே" என்போம். இளமையில் இருந்ததை விட 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், அல்லது கிளினிக்கில் அளந்தபோதே 2 சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கிலும் சீனி, பிரஷர் பார்க்கும் இடங்களிலும் உயரம் ஏற்கெனவே அளக்கிறார்கள், உடல் நிறைக் கணக்குக்காக. அந்த எண்ணைப் பழைய எண்ணோடு ஒருமுறை ஒப்பிடுவதற்குச் செலவே இல்லை. அந்தப் பெரியம்மாவுக்குப் பிறகு நான் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நாரி நோக்காரர் எவரையும் சுவரில் நிறுத்திப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

முறிவு தெரிந்ததும் ஒஸ்ரியோபொரோசிஸ் என்று முத்திரை குத்துவதும் பிழை. புற்றுநோய் பரவினாலும், மயலோமா என்ற இரத்தப் புற்று வந்தாலும், காசநோய் முள்ளந்தண்டில் இறங்கினாலும் இப்படி நசியும். இரவில் நித்திரை கொள்ள விடாத நோவு, மெலிவு, காய்ச்சல், கால் விறைப்பு இருந்தால் உடனே காட்ட வேண்டும். அதனால் மருந்து தொடங்க முன் ஒரு தொகுதி இரத்தப் பரிசோதனை தேவை: கல்சியம், அல்கலைன் பொஸ்பற்றேஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், ஈஎஸ்ஆர், முழு இரத்தக் கணக்கு, தைரொயிட். விற்றமின் டி பார்க்க வசதி இருந்தால் நல்லது. "இவ்வளவு வெயிலில் விற்றமின் டி குறையுமா" என்று கேட்பார்கள். குறையும். நம்ம தோல் கறுப்பு, வயது போனவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், வெளியே போகும் சிலரும் உடலை மூடித்தான் போகிறார்கள். அல்பாகல்சிடோல் என்ற சின்னக் குளிசையை விற்றமின் டி என்று நினைத்து மாதக்கணக்கில் எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து தருகிற வடிவம், முக்கியமாகச் சிறுநீரக நோயாளிக்கு உரியது, உடம்பின் விற்றமின் டி இருப்பை அது கூட்டாது. மற்றவர்களுக்கு வேண்டியது சாதாரண கொலிகல்சிபெரோல்.

அம்மா என்னென்ன குளிசை எடுக்கிறார் என்றும் பாருங்கள், ஒளிக்காமல் எல்லாவற்றையும். இழுப்புக்காரருக்கும் மூட்டு வாதக்காரருக்கும் பிரெட்னிசொலோன் மூன்று மாதத்துக்கு மேல் போனால் எலும்பு வேகமாகக் கரையும். டொக்டர் எழுதியது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருமுறை வயல் வேலை செய்த ஒரு ஐயா, அறுபது வயதுதான், கூனிப் போய் வந்தார், சட்டைப் பையிலிருந்து பேப்பர் சரையில் சுற்றிய சின்ன வெள்ளைக் குளிசைகளை எடுத்துக் காட்டினார், எங்கேயோ வாங்கியது, "இதைப் போட்டாத்தான் மூச்சு விடலாம்" என்றார், நான்கு வருடமாம். ஆண்களுக்கு இந்த வருத்தம் வராது என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத்தான் சொல்வேன். வலிப்புக் குளிசை, மார்பகப் புற்றுக்குப் பிறகு எடுக்கும் சில மருந்துகள், அளவு மீறிய தைரொயிட் குளிசை, வயிற்று எரிவுக்கு வருடக்கணக்கில் போடும் ஒமெப்ரசோல் இவையும் கேட்க வேண்டியவை. சூலகத்தை எடுத்த ஒப்பரேசன், 45 வயதுக்கு முன் நின்ற மாதவிடாய் இரண்டும் அப்படித்தான்.

இப்போது தலைப்புக் கேள்வி. கல்சியம் மட்டும் போதுமா? போதாது. ஆஸ்பத்திரியில் தருகிற 300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற் குளிசையில் உண்மையான கல்சியம் 40 மில்லிகிராம் அளவுதான். இரண்டு போட்டால் 80. அம்மாவின் வயதில் ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு சேர்த்து 1000 முதல் 1200 வரை வேண்டும். நம்ம பகுதி எருமைத் தயிர் ஒரு கோப்பை, நெத்தலியை முள்ளோடு, குரக்கன் பிட்டு, முருங்கை இலை என்று சாப்பாட்டில்தான் பெரும்பங்கு வர வேண்டும், குறைகிற அளவுக்கு மட்டும் குளிசை. கல்சியம் காபனேற் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும், தைரொயிட் குளிசைக்கும் அதற்கும் நான்கு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் 36,000 க்கு மேற்பட்ட பெண்களுக்குக் கல்சியமும் விற்றமின் டியும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. இடுப்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது. கல்சியம் அடித்தளம், அதன்மேல் மருந்து வேண்டும். ஆபத்துக் கூடியவருக்குக் கல்சியத்தை மட்டும் எழுதிவிட்டு வைத்தியம் நடக்கிறது என்று நினைப்பதுதான் நாங்கள் செய்கிற மிகப் பெரிய பிழை.

அந்த மருந்துகளில் முதலில் வருவது அலென்ட்ரோனேற், 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. முன்னமே முள்ளந்தண்டு முறிந்த பெண்களிடம் செய்து 1996 இல் வெளியான ஆய்வில் புதிய முள்ளந்தண்டு முறிவையும் இடுப்பு முறிவையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. விலை கூடிய மருந்து இல்லை. ஆனால் போடும் முறையைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் வேண்டும், நூறு பேர் நிற்கிற ஓபிடியில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணீர் கூடாது, பால் கூடாது, கல்சியம் கூடாது. விழுங்கிய பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, குனிந்து முற்றம் கூட்டவும் கூடாது, நிமிர்ந்து இருக்க வேண்டும் அல்லது நடக்க வேண்டும். அந்த அரை மணித்தியாலம் முடிந்த பிறகுதான் தேத்தண்ணீரும் சாப்பாடும். காலையில் எழும்பியதும் தேத்தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாத நம்ம அம்மாமாருக்கு இதுதான் கஷ்டம், ஆனால் கிழமையில் ஒரு நாள்தானே. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கோயில் நாளென்றால் அதையே குளிசை நாளாக்கிவிடுங்கள், மறக்காது. இந்த முறையைச் சொல்லாமல் கொடுத்தால் நெஞ்செரிவு வந்து மூன்றாம் கிழமை நிறுத்திவிடுவார்கள், அல்லது தேத்தண்ணீரோடு போட்டு ஒன்றும் உறிஞ்சப்படாமல் போகும்.

உணவுக்குழாய் சுருங்கியவருக்கு, நிமிர்ந்து இருக்க முடியாதவருக்கு, இரத்தத்தில் கல்சியம் குறைந்தவருக்கு, சிறுநீரகம் பலவீனமானவருக்கு இது கூடாது. தெகியத்தக்கண்டிய போன்ற அம்பாறையின் உட்பகுதிகளில் சிறுநீரக வருத்தம் அதிகம், அங்கே கிரியற்றினின் பார்க்காமல் தொடங்கவே கூடாது. குளிசை ஒத்துக்கொள்ளாதவருக்கு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட் இருக்கிறது. அதற்கும் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். முதல் தரம் ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல் உளைவும் வரலாம், பரசிற்றமோல் போதும்.

தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு முறியும் என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள், சில டொக்டர்மாரும் அந்தப் பயத்திலேயே தொடங்குவதில்லை. இரண்டும் உண்மைதான், இரண்டும் மிக அரிது. ஆடுகிற பல்லைப் பிடுங்குவதென்றால் மருந்து தொடங்க முன் பிடுங்கிவிடுங்கள். மருந்து போடும் காலத்தில் தொடையில் அல்லது கவட்டுப் பக்கம் புதிதாக நோவு வந்தால் காட்டுங்கள். குளிசை ஐந்து வருடம், ஏற்றும் மருந்து மூன்று வருடம் போனதும் நிறுத்தி வைக்கலாமா, தொடரலாமா என்று டொக்டர் மீண்டும் பார்க்க வேண்டும். அந்த மீள்பார்வை இல்லாமல் கிளினிக் கொப்பியில் "அதே மருந்து" என்று எட்டு வருடம், பத்து வருடம் ஓடுவதையும் கண்டிருக்கிறேன். "நோவு குறையல்ல" என்று மூன்றாம் மாதமே விடுவதையும் கண்டிருக்கிறேன். இது நோவுக்கான மருந்து இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சித்தி கனடாவில் என்றதால் சொல்கிறேன். டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழ் போடுவது, நல்ல மருந்து. ஆனால் அதைத் தொடங்கிவிட்டு ஒரு ஊசியைத் தவறவிட்டால், அல்லது வேறு மருந்துக்கு மாறாமல் நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த கரைவு திரும்ப வேகமாக வந்து ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளந்தண்டு எலும்புகள் முறியலாம். யாராவது வரும்போது கொண்டு வந்தால் போடுவோம் என்கிற கணக்கில் தொடங்கக் கூடிய மருந்து இல்லை அது. குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டியது வேறு.

விழாமல் பார்ப்பது பாதி வைத்தியம், அதை எந்தத் துண்டிலும் எழுதுவதில்லை. அம்மாவைப் படுக்க வைத்து ஒருமுறை, எழும்பி நின்றதும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷருக்குப் பிரசோசின் போன்ற குளிசை போடுபவர்களுக்கு நிற்கும்போது சடாரென்று இறங்கும், இரவில் சலம் கழிக்க எழும்பும்போது விழுவது அதனால்தான். நித்திரைக் குளிசை இருந்தால் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் ஒப்பரேசனைத் தள்ளிப் போடாதீர்கள். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும், தினமும் பத்து முறை கதிரையிலிருந்து எழும்பி உட்காருவதிலிருந்தே தொடங்கலாம். கிணற்றடிப் பாசியை இந்தச் சனிக்கிழமையே கயிற்றுத் தும்பும் பிளீச்சிங் தூளும் போட்டு உரஞ்சி எடுங்கள். குளிக்கிற இடத்தில் பிடிக்க ஒரு கம்பி அடியுங்கள், கக்கூசுக்குப் போகிற வழியில் ஒரு பல்ப் போடுங்கள்.

யாரிடம் போவது? இங்கே ஒஸ்ரியோபொரோசிஸை அதிகம் பார்ப்பவர்கள் ரூமற்றோலஜி, அகஞ்சுரக்கும் சுரப்பிப் பிரிவு டொக்டர்மார். ஆனால் அம்மாவுக்குத் தேவையானதில் பெரும்பாலானதை உங்கள் ஊர் ஆஸ்பத்திரி டொக்டரோ குடும்ப டொக்டரோ தொடங்கலாம். போய் "கல்சியம் தாங்க" என்று கேட்காமல், "இவங்க நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிஞ்சது, எலும்பு உளுத்திருக்கா என்று பாருங்க, உயரத்தையும் அளந்து பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல டொக்டர் அதிலேயே நிமிர்ந்து உட்காருவார். முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். நான் சொன்ன இரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை, காலையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தே கூட்டிப் போங்கள், வரிசை நீளமாக இருக்கும்.